சென்னை மாகாணத்தில் மேகநோயும் சட்டமும்

முன்னுரை

காமத்தைப் பற்றிப் பேசுதற்குத் தமிழ் நாணியதில்லை. ஒத்த அன்பினை ஐந்திணை என்றும், ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பகுத்து இலக்கணம் வகுத்தது தொல்காப்பியம். திருவள்ளுவர் தம் நூலின் மூன்று பால்களுள் ஒன்றினைக் காமத்திற்கே உரியதாக்கினார். எனினும், உடலுறவின் வழியே பரவும் நோய்களையும், அவற்றைத் தடுக்க ஆட்சியாளர் மேற்கொண்ட முறைகளையும் பற்றித் தமிழில் எழுதப்பெற்ற வரலாறு குறைவே.

நோய் உடலைச் சார்ந்தது. அந்நோய்க்கு யார் பொறுப்பு என்னும் வினாவோ சமுதாயத்தைச் சார்ந்தது. அவ்வினாவிற்கு ஆட்சியாளர் கண்ட விடையே காலந்தோறும் சட்டமாயிற்று. விடை பிழைபட்டபோது நோயும் தணியவில்லை. குற்றம் செய்யாதாரும் சிறைப்பட்டனர். இதனை 1864 முதல் நம் நாட்டில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள ரெட்டிபாளையம் முதலிய ஊர்கள் அக்காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1995 இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது; அதனின்றும் அரியலூர் மாவட்டம் 2007 இல் நிலையாகத் தனித்தது. 'பாளையம்' என்னும் சொல் இருபொருள் உடையது. பாளையக்காரர் ஆட்சிக்கு உட்பட்ட ஊரையும் அது குறிக்கும். படை தங்கும் இடத்தையும் குறிக்கும். ரெட்டிபாளையம், உடையார்பாளையம் முதலிய ஊர்ப்பெயர்களில் முன்னைய வழக்கின் சுவடு காணப்படுகின்றது. மாவட்டத் தலைநகராகிய திருச்சிராப்பள்ளியிலோ ஆங்கிலப் படையின் பாளையம் அமைந்திருந்தது. அரசு கருத்துச் செலுத்தியது இப்படைப்பாளையத்தின் மீதே என்பது பின்னர் விளங்கும்.

சொற்கள் காட்டும் வரலாறு

பால்வினை நோய் என்பது அண்மைக் காலத்து ஆக்கச் சொல். இதற்கு முன் வழங்கிய சொற்கள் பல. அவற்றை நோக்கின், ஒவ்வொரு சொல்லும் நோயின் பொறுப்பை ஒருவர்மேல் ஏற்றி நிற்றல் புலனாகும்.

மேகம், மேகநோய் என்பன மருத்துவ நூல் வழக்குகள். சிறுநீர் பற்றிய நோய்களைக் குறித்த வடசொல்லாகிய 'மேஹ' என்பதனின்றும் தோன்றிய இச்சொல், தமிழ் மருத்துவ வழக்கில் பொருள் விரிந்து, உடலுறவால் வரும் நோய்களையும் தழுவிற்று. வெட்டை, கொறுக்கு, அரையாப்பு என்பன நோயின் குறிகளைப் பற்றி எழுந்த பெயர்கள். இவை யாரையும் பழிப்பன அல்ல.

பறங்கிப்புண், பறங்கிவியாதி என்பன வேறு வகையின. 1490-களின் இடையில் இத்தாலி நாட்டில் நேப்பிள்சு நகரை ஒட்டி நிகழ்ந்த போரின்போது கிரந்தி நோயாகிய சிபிலிசு ஐரோப்பாவில் பெருவாரியாகப் பரவிற்று. இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்சு நோய் என்றனர். 1498 இல் போர்த்துக்கீசியர் கள்ளிக்கோட்டையை அடைந்தனர். பதினாறாம் நூற்றாண்டைச் சார்ந்த வடமொழி மருத்துவ நூலாகிய பாவப்பிரகாசம் இந்நோயைப் 'பிரங்க ரோகம்' எனப் பெயரிட்டுக் கூறுகின்றது. தமிழரும் பறங்கியின் பெயராலேயே இதனை வழங்கினர். இதற்கு மருந்தாகக் கொண்ட பறங்கிப்பட்டை சீன நாட்டுக் கிழங்கு. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563 இல் வெளியிட்ட நூலில் அக்கிழங்கைப் பற்றி விரித்துரைத்துள்ளார். நோயும் மருந்தும் கடல் வழியாகவே வந்தன என்னும் நினைவு இச்சொற்களில் உறைந்து நிற்கின்றது.

பேச்சு வழக்கில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது 'பொம்பளைச் சீக்கு' என்பது. நோயுற்றவன் ஆண், பெயர் பெற்றவள் பெண். அயலார்மேல் ஏற்றிய பழி இங்குப் பெண்மேல் இறங்கிற்று. பேச்சு வழக்கில் உள்ள இக்கருத்து சட்டத்திலும் இடம்பெற்றது என்பதே ஈண்டு அறியத்தக்கது.

படைப்பாளையச் சட்டங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துப் படைப்பாளையங்களில் 'லாக்' மருத்துவமனைகள் தோன்றின. இப்பெயர் 1747 இல் இலண்டனில் திறக்கப்பெற்ற மருத்துவமனையின் பெயரைத் தழுவியது. தொழுநோயாளர்க்கென முன்னர் இருந்த ஓர் இல்லத்தின் பெயரே அதற்கு மூலமாயிற்று என்பர். ஆதலின் பூட்டு என்னும் பொருளில் எழுந்த பெயர் அன்று இது. ஆயினும் நடைமுறையில் அம்மருத்துவமனைகள் பூட்டிய இல்லங்களாகவே இருந்தன. பயன் குறைவு என்று கருதி 1830-களில் அவை கைவிடப்பட்டன.

1857 ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்குப் பின்னர் இந்தியாவில் ஆங்கிலேயப் படைவீரரின் தொகை பெருகியது. மணம் புரிந்து மனைவியோடு வாழும் இசைவு அவருள் மிகச் சிலருக்கே கிட்டியது. படைவீரருள் மேகநோய் மிகுந்தது. மருத்துவமனைப் படுக்கைகள் நிறைந்தன. படையின் வலிமை குன்றிற்று. இங்கிலாந்தில் 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் தொற்றுநோய்ச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. இந்தியாவில் 1864 ஆம் ஆண்டின் பாளையச் சட்டமும், 1868 ஆம் ஆண்டின் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டமும் அவ்வழியில் எழுந்தன. முன்னது படைப்பாளையங்களுக்கும், பின்னது சென்னை போன்ற பெருநகரங்களுக்கும் உரியதாயிற்று. திருச்சிராப்பள்ளி, பரங்கிமலை முதலிய இடங்களில் லாக் மருத்துவமனைகள் மீண்டும் இயங்கின.

இச்சட்டங்களின் செயல்முறை எளியது. பரத்தமைத் தொழில் புரிவார் எனக் கருதப்பட்ட பெண்டிர் தம் பெயரைப் பதிந்துகொள்ளல் வேண்டும். பதிந்தார்க்குச் சீட்டு வழங்கப்படும். குறித்த நாள்தோறும் அவர் மருத்துவர் முன் தோன்றி உடலைச் சோதனைக்கு உட்படுத்தல் வேண்டும். நோய் உண்டெனக் கண்டால் நலமடைந்தார் என மருத்துவர் கூறுங்காறும் மருத்துவமனையிலேயே தங்குதல் வேண்டும். தவறினார்க்குத் தண்டமோ சிறையோ உண்டு. படைப்பாளையங்களில் ஐரோப்பிய வீரர் நாடும் பெண்டிரைத் தனி வகுப்பாகக் கொண்டே பதிவேடு நடைபெற்றது. அரசு காக்க விரும்பியது யாரை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆடவர்க்கு இத்தகைய கட்டாயச் சோதனை இச்சட்டங்களில் இல்லை. நோய் இருவர்க்கிடையே பரவுவது. சட்டமோ ஒருவரை மட்டும் பிடித்தது. பாளையத்திற்கு அப்பாற்பட்ட நாட்டுப்புறத்தையும் அது நோக்கவில்லை. ரெட்டிபாளையம் போன்ற ஊர்களில் ஒருவன் நோயுற்றால் அவனுக்கும், அவன் வழியாக நோயுற்ற மனைவிக்கும், அவர்க்குப் பிறந்த மகவுக்கும் இச்சட்டங்களில் இடமே இல்லை. ஒரு பாளையம் காவலுக்குரியதாயிற்று. மற்றொரு பாளையம் கணக்கிலேயே சேரவில்லை.

சட்டம் பயன்படாமைக்குக் காரணங்கள்

இச்சட்டங்கள் தம் நோக்கத்தை எய்தாமைக்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது, நோயை அறியும் கருவி அக்காலத்து மருத்துவரிடம் இல்லை. வெட்டை நோய்க்குரிய நுண்ணுயிரை நைசர் கண்டது 1879 இல். கிரந்தி நோய்க்குரிய நுண்ணுயிரைச் சௌடின், ஆப்மன் ஆகியோர் கண்டது 1905 இல். குருதியைச் சோதித்து அந்நோயை அறியும் முறையை வாசர்மன் வகுத்தது 1906 இல். 1868 இல் மருத்துவர் கண்ணால் கண்டதைக் கொண்டே முடிவு கூறினார். வெட்டை நோய் பெண்டிர் பலரிடத்தில் புறத்தே குறி காட்டாது உள்ளே தங்கும். கிரந்தி நோய் புண் ஆறிய பின்னரும் உடலில் ஒளிந்திருக்கும். ஆதலின் நோயுடையார் பலர் நலமுடையார் எனச் சீட்டுப் பெற்றனர். வேறு புண்ணுடையார் சிலர் இந்நோயினர் எனத் தடுத்து வைக்கப்பட்டனர்.

இரண்டாவது, நோயைத் தீர்க்கும் மருந்தும் இல்லை. இரசக் கலப்பே அக்காலத்துப் பெருமருந்து. அஃது உமிழ்நீரைப் பெருக்கிப் பல்லையும் ஈறையும் கெடுத்தது. தடுத்து வைத்தல் மருத்துவம் ஆகாது. காலங் கடத்துதலே ஆகும்.

மூன்றாவது காரணமே தலையாயது. அச்சத்தை விளைவிக்கும் சட்டம் நோயாளியை மருத்துவரிடம் சேர்ப்பதில்லை, அவரிடமிருந்து அகற்றுகின்றது. பெண்டிர் எல்லை கடந்து ஓடினர். பதிவின்றி மறைந்து வாழ்ந்தனர். பதியாத பெண்டிரைப் பற்றிய முறையீடு லாக் மருத்துவமனை அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது. நோய் மறைவிடத்தில் வளர்ந்தது.

எதிர்ப்பும் நீக்கமும்

இங்கிலாந்தில் சோசபைன் பட்லர் அம்மையார் தலைமையில் 1869 முதல் இச்சட்டங்களுக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி நடந்தது. ஒரே செயலுக்கு ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்பது அறமாகாது என்பது அவர் கூற்று. அங்கு இச்சட்டங்கள் 1886 இல் நீக்கப்பெற்றன. அதே ஆண்டில் இந்தியாவில் படைத்துறைத் தலைமையகம் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. படைக்கடைத் தெருக்களில் போதிய தொகையினராகவும் போதிய கவர்ச்சியுடையோராகவும் பெண்டிர் இருத்தல் வேண்டும் என்று அது கூறிற்று. 1888 இல் இவ்வறிக்கை வெளிப்பட்டபோது இங்கிலாந்தில் பெரும் அதிர்ச்சி உண்டாயிற்று. பெண்ணின் உடலைப் படைக்கலம் போன்றதொரு வழங்குபொருளாகக் கருதிய நிலை இதனால் வெட்ட வெளிச்சமாயிற்று. அவ்வாண்டு சூன் திங்களில் பிரித்தானியப் பாராளுமன்றம் கட்டாயச் சோதனைக்கு எதிராகத் தீர்மானித்தது. இந்தியச் சட்டமும் 1888 இல் நீங்கிற்று.

ஏட்டில் நீங்கியது நாட்டில் உடனே நீங்கவில்லை. எலிசபெத்து ஆண்ட்ரூ, கேத்தரின் புசுனல் என்னும் அமெரிக்கப் பெண்மணியர் இருவர் 1891, 1892 ஆகிய ஆண்டுகளில் இந்தியப் படைப்பாளையங்களுக்கு நேரிற் சென்று பெண்டிரிடமே உசாவினர். பழைய முறை தொடர்வதைக் கண்டு 1893 இல் ஆய்வுக் குழுவின் முன் சான்று பகர்ந்தனர். அதனை முதலில் மறுத்த படைத்தலைவர் இராபர்ட்சு பின்னர் உண்மையை ஒப்பி வருத்தம் தெரிவித்தார். 1895 ஆம் ஆண்டின் பாளையச் சட்டத் திருத்தம் கட்டாயச் சோதனையை வெளிப்படையாக விலக்கிற்று.

இங்கு ஒரு தடை எழும். இந்தியாவிலிருந்த ஆங்கிலேய வீரருள், ஆயிரவருக்கு 522 என்னும் அளவில் 1895 இல் மேகநோய்க்கான மருத்துவமனைச் சேர்க்கைகள் நிகழ்ந்தன. சட்டத்தை நீக்கியதன் பயனே இது எனச் சட்டத்தின் சார்பினர் வாதிட்டனர். இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும் இரண்டு உண்மைகளை உடன் நோக்குதல் வேண்டும். சட்டம் நடைமுறையில் இருந்த 1880-களிலேயே இந்த அளவு ஏறிக்கொண்டிருந்தது. இஃது ஆட்களின் தொகையன்று, சேர்க்கைகளின் தொகை. ஒருவர் இருமுறை சேர்ந்தால் இரண்டாகவே எண்ணப்படும்.

அதன்பின் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. 1897 இல் விதிகள் மீண்டும் ஓரளவு இறுக்கப்பட்டன. நோயுற்றவர் மருத்துவமனைக்கு வர மறுத்தால் பாளையத்தினின்று வெளியேற்றலாம் என்றாயிற்று. ஆயினும் பழைய பதிவேடும் கட்டாயச் சோதனையும் திரும்பவில்லை. 1902 முதல் 1909 வரை படைத்தலைவராக இருந்த கிச்சனர், வீரரின் தன்மதிப்பை நோக்கி அறிவுரை விடுத்தார். விளையாட்டும் பொழுதுபோக்கும் பெருகின. சிகிச்சை முறைகள் சீர்ப்பட்டன. முதல் உலகப் போருக்கு முன்னரே சேர்க்கை ஆயிரத்திற்கு நூற்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. இவ்வீழ்ச்சிக்கு ஒரே காரணம் கூறல் இயலாது. ஆனால் பெண்டிரைப் பதிந்து பூட்டினாலன்றி நோய் தணியாது என்ற வாதம் இதனால் வீழ்ந்தது. 

மருந்து வந்த பின்னர்

எர்லிக், ஆட்டா ஆகியோர் கண்ட சால்வர்சான் 1910 இல் வழக்கிற்கு வந்தது. பெனிசிலின் கிரந்தி நோயைத் தீர்க்கும் என்பது 1943 இல் மெய்ப்பிக்கப்பட்டது. சென்னை அரசினர் பொது மருத்துவமனை பால்வினை நோய் மருத்துவத்திற்கும் ஆராய்ச்சிக்கும் சிறந்த நிலைக்களமாயிற்று. அங்குப் பணியாற்றிய இராசம், இரங்கையா ஆகிய மருத்துவர்கள் தோனோவானோசிசு என்னும் பால்வினைப் புண்ணோயைப் பற்றி எழுதிய நூலை உலக நலவாழ்வு நிறுவனம் 1954 இல் வெளியிட்டது. தண்டனைக்குரியவர் என்னும் நிலை மாறி, நோயாளி என்னும் நிலை மருத்துவமனைக்குள் உருவாயிற்று.

மருத்துவமனைக்கு வெளியே சட்டம் வேறு நெறியிற் சென்றது. 1930 ஆம் ஆண்டின் சென்னை ஒழுக்கக்கேட்டு வாணிகத் தடுப்புச் சட்டமும், 1956 ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டமும் பெண்டிரை விற்பாரையும் விடுதி நடத்துவாரையும் ஒறுக்க எழுந்தவை. அவற்றின் நோக்கம் பழைய பாளையச் சட்டத்தின் நோக்கத்திற்கு மாறானது. பெண்ணைக் காத்தலே அவற்றின் குறிக்கோள். எனினும் மீட்கப்பட்ட பெண்டிரை வைக்கும் காப்பில்லங்கள் அவர் விரும்பியவாறு வெளியேற இயலாத இடங்களாகவும் அமைந்தன. இதன் விளைவு 1986 இல் தெரிந்தது.

1986 ஆம் ஆண்டும் அதன் பின்னும்

சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டலில், மாணவி நிர்மலா, மயிலாப்பூரில் இருந்த அரசினர் காப்பில்லத்துப் பெண்டிர் முதலியோரின் குருதி மாதிரிகளைத் திரட்டினார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவை சோதிக்கப்பட்டன. ஆறு பெண்டிர் குருதியில் எச்.ஐ.வி. நச்சுயிரி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் இந்நச்சுயிரி கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. அரசு ஏற்றுக்கொள்ளத் தயங்கிய ஓர் உண்மையைத் துணிந்து வெளிக்கொணர்ந்தது அவ்வாராய்ச்சி.

ஆனால் அறிவு வந்த அன்றே அச்சமும் வந்தது. நச்சுயிரி உடையார் என்னும் காரணத்திற்காகவே பெண்டிர் சிலர் காப்பில்லத்தில் தொடர்ந்து நிறுத்தி வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் ஒருவர் தொடுத்த வழக்கின்மேல் 1990 இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவிக்க ஆணையிட்டது. கோவாவில் 1989 இல் தோமினிக் தி சூசா என்னும் இளைஞர் இதே காரணத்தால் இரு திங்களுக்கு மேல் தனித்து அடைக்கப்பட்டார். 1868 ஆம் ஆண்டின் சட்டம் நீங்கி நூறாண்டு ஆகியும் அதன் கருத்து நீங்கவில்லை என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்தும். இம்முறையும் பூட்டப்பட்டவர் தாமே நோயை உண்டாக்கியவர் அல்லர். அவர்பால் வந்து சென்ற ஆடவர் கணக்கிற் சேரவில்லை.

இதன்பின் தமிழ்நாடு மேற்கொண்ட நெறி வேறு. 1994 இல் தமிழ்நாடு மாநில எய்ட்சு கட்டுப்பாட்டுச் சங்கம் நிறுவப்பெற்றது. இத்தகைய சங்கம் இந்தியாவில் இதுவே முதலாவது. 1999 இல் தொடங்கிய தேசியத் திட்டம் பிற மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றச் செய்தது. 1995 முதல் தன்னார்வ நலவாழ்வுச் சேவை நிறுவனத்தின் வழி நடந்த ஆப்பாக் திட்டம், பால்வினைத் தொழிலில் உள்ள பெண்டிரையும் சுமையுந்து ஓட்டுநரையும் ஒருங்கே நாடிற்று. அத்தொழிலில் இருந்தவர்களே தம் தோழியர்க்கு அறிவுரை கூறுவோராகப் பயிற்சி பெற்றனர். ஆணுறை வழங்குதலும், சோதனைக்கு முன்னும் பின்னும் தனித்திருந்து உரையாடுதலும், செய்தியை மறைவாகக் காத்தலும் நடைமுறைக்கு வந்தன.

சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டும் ஏற்றிய சுமையுந்துகள் இடையறாது செல்லும் இன்றைய அரியலூர், ரெட்டிபாளையப் பகுதிக்கு இம்மாற்றத்தின் பொருள் எளிதில் விளங்கும். படைப்பாளையத்தின் எல்லைக்குள் நின்ற பழைய சட்டம் வழிச்செல்வானைத் தொடவே இல்லை. புதிய முறையோ அவனிடமே சென்று பேசிற்று.

இதன் பயனை எண்களும் காட்டுவன. தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்கள் நான்கில், மகப்பேற்று மருத்துவமனைக்கு வந்த 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்டிருள் எச்.ஐ.வி. உடையார் 2000 இல் நூற்றுக்கு 1.7 ஆக இருந்து, 2004 இல் 1.1 ஆகக் குறைந்தனர். 2004 ஏப்பிரலில் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் நச்சுயிரி எதிர்ப்பு மருந்து விலையின்றி வழங்கத் தொடங்கினர். தொடர்ந்து மருந்துண்டு நச்சுயிரி குருதியில் காணப்படாத அளவிற்குத் தணிந்தவரிடமிருந்து உடலுறவால் அது பரவாது என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்ற உண்மை. 2008 இல் தமிழ்நாடு அரசு திருநங்கையர்க்கு நல வாரியம் அமைத்தது. 2017 இல் இயற்றப்பெற்று 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் அறிந்த இசைவின்றிச் சோதித்தலையும், நோயைக் காரணமாகக் காட்டி ஒதுக்குதலையும் விலக்கிற்று. 1868 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நேர் எதிர்நிலை இது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. பால்வினை நோயைத் தடுக்க எழுந்த பழைய சட்டங்கள் நோயை அறியாதும், மருந்தின்றியும், நோய்க்குரிய இருவருள் ஒருவரை மட்டும் பற்றியும் நடந்தமையால் பயன் தரவில்லை. கருவியும் மருந்தும் வந்த பின்னரும் அப்பழைய கருத்து 1986 க்குப் பின் ஒருமுறை தலைகாட்டிற்று; நீதிமன்றம் அதனை விலக்கிற்று. நோயாளியின் இசைவையும் நம்பிக்கையையும் அடிப்படையாகக் கொண்ட முறையே தமிழ்நாட்டில் நோயைத் தணித்தது.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றது. நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என்பன அவை. நோயுற்றவனை மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே வள்ளுவர் வைத்தார் என்பதும், அவனையே முதற்கண் வைத்தார் என்பதும் கருதத்தக்கன. லாக் மருத்துவமனையில் மருத்துவர் இருந்தார், காவலரும் இருந்தனர், நோயுற்ற பெண் மருத்துவத்தின் பங்காளியாக அங்கு இடம்பெறவில்லை. பின்னைய முறையில் அவ்விடம் அவளுக்குக் கிடைத்தது. ஆடவனும் அவ்வட்டத்துள் அழைக்கப்பட்டான். பழியேற்றும் பழஞ்சொற்கள் தேய்ந்து, யார்மேலும் பழி சாராத 'பால்வினை நோய்' என்னும் சொல் நிலைபெற்று வருவது இம்மாற்றத்தின் மொழிச்சான்றாகும்.